முரசும் தோலும்

வீரம் என்னும் சொல் நம் மன்றத்து மேடையில் முழங்குவது போல வேறெந்தச் சொல்லும் முழங்குவதில்லை. பொங்கல் விழாவாயினும் சரி, பேச்சுப் போட்டியாயினும் சரி, புறநானூற்றுத் தாய் ஒருத்தி வந்தே தீருவாள். மகன் புறங்காட்டி ஓடவில்லை, களத்திலே வெட்டுண்டு கிடக்கிறான் என்று கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தவள் அவள். அவை கைதட்டும். பேச்சாளர் அடுத்த அடுக்குமொழிக்குப் போய்விடுவார். அந்தத் தாய் எத்தகைய உலகில் வாழ்ந்தாள்? எதை நம்பினாள்? எதற்கு அஞ்சினாள்? இக்கேள்விகளைக் கேட்பதற்கு மேடையில் நேரம் இருப்பதில்லை, மணியடித்துவிடுகிறார்கள்.

நான் வேதியியல் மாணவன். இலக்கியம் என் துறையன்று. ஆயினும் இந்தக் கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒரு மராட்டிய நண்பர். ஆங்கில இலக்கியம் பயில்பவர். ஆங்கிலேயரின் முன்னோராகிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் பழம்பாட்டுகளைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தவர், உணவுக்கூடத்தில் தேநீர் ஆறும்வரை அவற்றின் கதைகளைச் சொல்வார். கொடைக்குப் பெயர்பெற்ற தலைவன், அவன் தரும் பொன்வளையம், அவன் மண்டபத்தில் நடக்கும் கள்விருந்து, அங்கே யாழ் போன்றதொரு கருவியை மீட்டிப் பாடும் பாணன், தலைவன் விழுந்தபின் உயிரோடு திரும்புவதை இழிவாகக் கருதும் வீரர்! கேட்கக் கேட்க எனக்கு வியப்பு மிகுந்தது. “நண்பரே, இது எங்கள் வீட்டுக் கதையல்லவா?” என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொல்வதற்காகவே நூலகத்தில் புறநானூற்றை உரையோடு எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

இந்த ஒப்புமையை அறிஞர்கள் முன்பே கண்டிருக்கின்றனர். 1912ஆம் ஆண்டில் சாட்விக் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், கிரேக்கரின் பழம்பாட்டையும் வடவைரோப்பிய மக்களின் பழம்பாட்டையும் அருகருகே வைத்து, வீரயுகம் என்று ஒன்று உண்டு, அது பல நாடுகளில் பல காலங்களில் தோன்றும் என்று எழுதினார். ஈழத்து அறிஞர் கைலாசபதி அந்தக் கண்ணோட்டத்தைச் சங்கப் பாட்டுக்குக் கொண்டுவந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு 1968இல் ஆக்சுபோர்டில் நூலாக வெளிவந்தது. நம் பாட்டுகள் ஏட்டில் ஏறுமுன் பாணரின் வாயில் வாழ்ந்த மரபில் வந்தவை என்பது அவர் கொள்கை. இதை ஏற்காதவரும் உளர். அந்த வழக்கைத் தீர்க்க நான் யார்? ஆனால் வாயில் வாழும் பாட்டு என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

இரண்டு மரபுகளும் நெருப்புக்கும் செல்லுக்கும் தப்பியவை. பேவுல்ப் என்னும் பெருங்கதைப்பாட்டு ஒரே ஒரு கையெழுத்துப் படியில் பிழைத்தது. 1731இல் இலண்டனில் அந்நூல் இருந்த மனையில் தீப்பற்றியபோது ஓரங்கள் கருகின, நூல் தப்பியது. அது முதன்முதல் அச்சேறியது 1815இல். நம் புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி, ஒப்பிட்டு, 1894இல் பதிப்பித்தார். நானூற்றில் இரண்டு பாட்டுகள் முழுதும் மறைந்தன. வேறு பல சிதைந்தே கிடைத்தன. செல்லரித்த இடத்தில் என்ன இருந்ததென்று எண்ணிப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அவர்களுடைய அறத்தின் நடுவே இருந்தது மானம். 991இல் மால்டன் என்னும் ஊரில் கடற்கொள்ளையரோடு நடந்த போரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. தலையும் கடையும் இன்றிக் கிடைத்தது. தலைவன் பிர்த்நோத், செருக்கினால் பகைவரைக் கழிமுகம் கடந்து வரவிட்டு மடிகிறான். சிலர் ஓடுகின்றனர், ஒருவன் தலைவனுடைய குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். எஞ்சியவரோ, தோல்வி உறுதி என்று தெரிந்தே, தலைவன் உடலருகே நின்று சாகின்றனர். அவன் மண்டபத்தில் உண்ட கள்ளுக்கும் பெற்ற பொன்னுக்கும் கைம்மாறு அது.

நம்மிடத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடன் வடக்கிருந்தார். இதில் ஒரு வேறுபாடு உண்டு. பிர்த்நோத்தின் வீரர் அவன் சோற்றை உண்டவர். பிசிராந்தையாரோ அதுவரை சோழனைக் கண்ணால் கண்டவரும் அல்லர்! பகைநாட்டுப் புலவர். கொடுத்ததற்காகச் சாவது ஒன்று. உள்ளம் ஒத்ததற்காகச் சாவது மற்றொன்று. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

ஆனால் என் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர் பிசிராந்தையாரும் அல்லர். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். வெண்ணியில் கரிகாலன் வென்றான். சேரமான் முதுகில் புண்பட்டான், அந்த நாணத்தால் வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்ற கரிகாலன் முன்னிலையில் நின்று, உன்னைக் காட்டிலும் அந்தத் தோற்றவன் நல்லவன் அல்லனோ என்று பாடுகிறார் இவர். வெண்ணி என்பது ஊர். குயத்தி என்பது குலத்தொழில் பெயர். மண் பிசைந்த குடியில் பிறந்த ஒருத்தி, பேரரசன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடிந்தது என்றால், அந்த உலகில் பாட்டுக்கு எவ்வளவு வலிமை இருந்திருக்க வேண்டும்! எங்கள் தாராவியில் சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர் வாழும் கும்பார்வாடாவைக் கடக்கும்போதெல்லாம், சூளைப் புகைக்கு நடுவே இவரை நினைத்துக்கொள்வேன்.

பாட்டின் கட்டமைப்பைப் பற்றி ஒன்று. அம்மக்களின் பாட்டில் அடியிறுதி இயைபு இல்லை, மோனைதான் உயிர். ஓர் அடி இரு பாதியாகப் பிரியும். இரு பாதியையும் ஒரே முதலொலி கொண்ட சொற்கள் பிணைக்கும். நம் அகவலில் மோனையும் எதுகையும் வருமிடங்களை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். பொருள் ஒன்றும் விளங்காமலே அவர் தாளம் போட்டார்! பாட வராத கூச்சக்காரர்களுக்கு ஒரு செய்தி: அம்மரபில் பெயர் தெரிந்த முதற்புலவர் கேட்மன் என்பவர் ஒரு மாட்டுக்காரர். விருந்தில் யாழ் தம் பக்கம் வரும்போதே எழுந்து ஓடிப்போய்த் தொழுவத்தில் படுத்துக்கொள்வாராம். கனவில் பாட்டு வந்ததாகப் பீடு என்னும் துறவி எழுதியிருக்கிறார்.

அதே பீடு 731இல் முடித்த வரலாற்று நூலில் ஒரு சிட்டுக்குருவி வருகிறது. எட்வின் என்னும் அரசன் புதிய சமயத்தை ஏற்பதா வேண்டாமா என்று அவையைக் கேட்கிறான். அமைச்சன் ஒருவன் சொல்கிறான்: மாரிக்காலத்தில் நாம் தீ மூட்டி விருந்துண்ணும் மண்டபத்துக்குள் ஒரு வாயில் வழியே குருவி புகுந்து மறு வாயில் வழியே வெளியேறுகிறது, புகுமுன் இருளும் பனியும், போனபின்னும் இருளும் பனியும், நடுவே ஒரு நொடி வெளிச்சம், மனித வாழ்வு அதுதான். கணியன் பூங்குன்றனாரும் இதே கேள்வியின் முன் நின்றவர். அவர் கண்டது மலையாற்று வெள்ளத்தோடு போகும் தெப்பத்தை. அதனால் அவர் பெரியோரைக் கண்டு வியக்கவும் இல்லை. சிறியோரை இகழவும் இல்லை. நாமோ அப்பாட்டின் முதலடியை மட்டும் மேடையில் சொல்லி இறங்கிவிடுகிறோம்! ஊர்விட்டு ஊர் வந்தவர்களாகிய நமக்கு அந்த முதலடி வசதியாக இருக்கிறது. சிறியோரை இகழாமை என்னும் கடைசிப் பகுதி அவ்வளவு வசதியாக இல்லை போலும்.

ஊழைக் குறித்து அம்மக்கள் வழங்கிய சொல்தான் இன்று ஆங்கிலத்தில் ‘வியர்டு’ என்று, விந்தையானது என்னும் பொருளில் தேய்ந்து கிடக்கிறது. சொற்களுக்கும் ஊழ் உண்டு.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட மனமில்லை. 1939இல் இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஒரு மேட்டைத் தோண்டினர். உள்ளே ஒரு முழுக் கப்பலின் வடிவம்! மரம் முழுதும் மக்கிவிட்டது. இரும்பு ஆணிகளும் மணலில் பதிந்த தடமும் மட்டும் எஞ்சின. வாளும் தலைச்சீராவும் பொன்னும் கிடைத்தன. உடல் மட்டும் இல்லை. புளிப்பு மண் எலும்பையும் கரைத்துவிட்டது. பிற்காலத்தில் மண்ணில் பாசுபேட்டு அளவைச் சோதித்து, இங்கே ஓர் உடல் இருந்திருக்க வேண்டும் என்று கண்டனர். ஓர் அரசன் எஞ்சியது இவ்வளவுதான்: மண்ணில் கொஞ்சம் கூடுதலான பாசுபேட்டு! எங்கள் பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூரில் மண்ணுக்குப் பதில் தாழி காத்தது. 1876இல் ஜாகோர் என்னும் செர்மானியரும் அவருக்குப்பின் இரேயாவும் தோண்டியபோது எலும்பும் இரும்புவாளும் பொன்பட்டமும் வெளிவந்தன. கணவனை இழந்த ஒருத்தி, தாழி வனையும் குயவனை நோக்கி, தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி வேண்டும் புறப்பாட்டு ஒன்று உண்டு. அதைப் படித்தபின் தாழியை வெறும் தொல்பொருளாகப் பார்க்க இயலாது.

மற்றொன்று, ஆங்கிலோ-சாக்சன் அணிகலன்களில் பதித்த செம்மணிகள். வேதியியல் சோதனையில் அவற்றுட் சில இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சென்றவை எனத் தெரிகிறது. 2009இல் ஸ்டாஃபர்டுசயரில் கிடைத்த புதையலிலும் அத்தகைய மணிகள் உள. அவர்களுடைய ஆண்டுக் குறிப்பேட்டின் சில படிகளில், 883ஆம் ஆண்டின் கீழ், ஆல்பிரெடு மன்னன் இந்தியாவிலுள்ள தூய தோமாவுக்குக் காணிக்கை அனுப்பினான் என்றும் காண்கிறது. வந்தவர் உண்மையிலே மயிலாப்பூரைக் கண்டனரா என்பதில் வரலாற்றறிஞர் வேறுபடுகின்றனர். கண்டிருந்தால், வெயிலைக் கண்டு திகைத்திருப்பர்!

இனி, கல். இறந்த வீரனுக்கு நம்மவர் நடுகல் நட்டனர்; பெயரும் பீடும் எழுதினர். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு உரியது. வெட்சி, கரந்தை என்று இலக்கணத்தில் படித்தது கல்லிலும் நின்றது. அவ்வளவு தொலைவு போகவேண்டுவதில்லை. மாகிமில் வண்டி ஏறினால் போரிவிலி. அங்கே எக்சர் என்னும் பகுதியில் வீரகற்கள் நிற்கின்றன. சிலாகார மன்னர் காலத்தவை என்பர். கப்பல் அணிவகுப்பும், துடுப்பு வரிசையும், கடற்போரும், மேலே வீரன் விண்ணுலகு சேர்வதும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தனர். நம் ஊர் நடுகல்லுக்கும் அதுவே நிகழ்கிறது. வீரன் மெல்லச் சாமியாகிவிடுகிறான்.

அந்தக் கல்லின் முன் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. துடுப்புப் போட்டவர் வரிசை வரிசையாக உள்ளனர். எல்லார்க்கும் ஒரே முகம். கல் யாருக்கு? பாட்டு யாருக்கு?

ஆங்கிலோ-சாக்சன் சட்டம் இதை ஒளிக்காமல் எழுதிவைத்தது. ஒருவனைக் கொன்றால் அவன் சுற்றத்துக்குக் கட்டவேண்டிய தொகை அவன் தகுதிக்கேற்ப மாறும். வெசக்சு நாட்டில் உயர்குடி வீரனுக்கு 1200 சில்லிங், உழவனுக்கு 200. அடிமைக்கு அந்த வரிசையிலேயே இடமில்லை. அவன் விலை உடைமைக்கான விலை. படித்தபோது எனக்குச் சினம் வந்தது. சினத்தோடு புறநானூற்றுக்குத் திரும்பினேன். அங்கே தண்ணுமை முழக்குபவனையும் கட்டில் பிணிப்பவனையும் ‘இழிசினன்’ என்னும் சொல் காத்திருந்தது.

நண்பர்களே, இதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அரசனின் முரசை எண்ணிப் பாருங்கள். பொருது வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமல் போர்த்தது, நீராட்டப்படுவது, பலி பெறுவது, தனிக் கட்டிலில் பூப்பரப்பித் துயில்வது. அது நீராடப் போன வேளையில் அக்கட்டிலில் அறியாமல் உறங்கிய மோசிகீரனாரைச் சேரமான் வாளால் வெட்டாமல், விசிறி எடுத்து வீசினான் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதை. புலவர் பெருமையும் தெரிகிறது, மன்னன் பெருமையும் தெரிகிறது. அந்தத் தோலை உரித்தவன் யார்? ஊறவைத்தவன் யார்? வாரை இழுத்துக் கட்டியவன் யார்? முரசு தெய்வமாயிற்று, தோல் தொட்டவன் இழிந்தவன் ஆனான். இவ்வளவு பெரிய முரண்பாடு அந்த நுண்ணிய புலவர்களுக்குத் தோன்றவில்லையே என்பது என் தீராத வருத்தம். ஒருவேளை தோன்றியவர் பாட்டு அந்தச் செல்லரித்த ஏட்டில் போயிற்றோ?

இது எனக்கு நூலறிவுச் செய்தி அன்று. எங்கள் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்குக்கு வந்தவர். அக்காலத்தில் அப்பக்கத்தார் பலரும் அவ்வாறு வந்தவர்களே. அந்தக் கிடங்குகள் பெரும்பாலும் போய்விட்டன. தைத்த தோற்பையை விற்கும் கடைகள் சாலையோரம் மினுக்குகின்றன. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்குவதும், ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் புரட்டுவதும் அவர் வேலை. தோலின் புரதத்தைப் பட்டையின் துவர்ப்பு பிணைத்து அழுகாமல் காக்கும் வினையைப் பாடநூலில் படித்தபோது, அந்தப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் வாடை வந்தது. அவருக்கு நடுகல் இல்லை. இப்போது தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக வீடுகளைக் கணக்கெடுத்து, எங்கள் கதவிலும் ஓர் எண் எழுதிப் போயிருக்கிறார்கள். அந்தக் கதவும் எத்தனை நாளோ.

ஆனால் அவருக்குப் பாட்டு உண்டு. எங்கள் ஆச்சி ஒப்பாரி பாடுபவர். சந்தில் சாவு விழுந்தால் ஆச்சியை வந்து அழைப்பர். இறந்தவருடைய ஊர், பிழைக்க வந்த வழி, பட்ட கடன், கட்டிய சேலையின் நிறம் எல்லாம் அந்த நேரத்தில் பாட்டாக எழும். கற்று வைத்த அடிகளும் புதிய அடிகளும் பின்னிக்கொள்ளும், மோனை தவறாது. ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைலாசபதி எழுதிய வாய்மொழி மரபை நூலகத்தில் படித்துவிட்டு வீடு திரும்பினால், அது அடுப்படியில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது! இலக்கணத்தார் கையறுநிலை என்றது இதைத்தான். அரசன் இறந்தால் ஏட்டில் ஏறியது, எங்கள் தெருவில் இறந்தால் காற்றோடு போகிறது.

இதை எழுதிவைக்க வேண்டும் என்று ஓராண்டாக முயல்கிறேன். முடியவில்லை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு வரும் என்பது ஆச்சியின் நம்பிக்கை. எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறக்கமாட்டார். சாவு வீட்டில் கைப்பேசியை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இழவு வீட்டுத் திண்ணையில் ஆண்களோடு அமர்ந்து, காதை உள்ளே வைத்து, இரவில் வந்து நினைவில் நின்றதை எழுதுகிறேன். பாதிக்கு மேல் நழுவிவிடுகிறது.

சென்ற மாதம் ஆச்சி என் குறிப்பேட்டைக் கண்டுவிட்டார்.

“ஏல, என்னத்துக்குல இதெல்லாம் எழுதுத?”

“தாத்தாவுக்குப் பாடினது வேணும் ஆச்சி. நடுவுல விட்டுப் போயிருக்கு.”

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “பாடமாட்டேன். வேணும்னா சொல்லுதேன், எழுதிக்க” என்றார். மளிகைக் கணக்குச் சொல்வது போல, இழுவையும் அழுகையும் இல்லாமல், ஓரடி சொன்னார். தாத்தாவின் கைகளைப் பற்றியது. ஆவாரம்பட்டையின் செம்மை நகக்கண்ணிலிருந்து கடைசிவரை போகாத கைகள். ஊரில் எங்கள் பாட்டனார் செய்த காரியத்தைச் சொல்லி, அந்தக் கை தொட்ட தோல் எந்தக் கோயில் மேளத்தில் அதிர்கிறதோ என்று கேட்கும் அடி.

அடுத்த அடியைக் கேட்டேன். “உலை கொதிக்குதுல, போ” என்று எழுந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, நான் கேளாமலே மற்றோர் அடி வந்தது. இதுவரை பதினேழு அடிகள் ஆகியிருக்கின்றன.